புத்தகத்தில் ஏறிய பூ

அத்தை இந்தியாவுக்குப் பயணம் போவதற்கு முந்திய நாள்தான் அந்தப் பூச்செடியை நான் வேரோடு பிடுங்கினேன். எனக்கு அப்போது ஏழு வயது.

யட்டவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் எங்கள் வீடு. அப்பாவின் தங்கையான அத்தைக்குப் பக்கத்து வீடு. யார் இலங்கையில் இருப்பது, யார் இந்தியா போவது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்திருந்த காலம். மாமா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். அப்பா இங்கேயே இருக்க எழுதிக்கொடுத்திருந்தார். அண்ணனும் தங்கையும் எப்படி இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஓடைப் பாறை இடுக்கில் ஊதா நிறத்தில் ஒரு பூ பூக்கும். அத்தைக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. போகிற இடத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்று செடியைப் பால்மா டின்னில் மண்ணோடு வைத்துக் கொடுத்தேன்.

கண்டியிலிருந்து வந்த ஒரு சிங்கள ஐயா, துணித் தொப்பியும் நோட்டுப் புத்தகமுமாக ஒரு வாரமாய் அதே பாறையைச் சுற்றிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் அவரும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் லயத்துக்கே வந்துவிட்டார்கள். ஐயா முகம் வெளிறிப்போய்ச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார்.

"இந்தப் பூ ஒலகத்துலயே இந்தத் தீவுல மட்டுந்தான் இருக்காம். இங்கயும் அழிஞ்சுக்கிட்டு வருதாம். ஐயா புத்தகத்துல அது பேரு ஏறியாச்சு. இனிமே ஒருத்தரும் இத இங்கருந்து கொண்டுபோக ஏலாது. யாரு புடுங்குனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் போய் நின்றாள். "நாந்தாங்க."

"தெரியாம செஞ்சிட்டாங்க. நாளைக்குப் பயணம் போறவங்க" என்று அம்மா கும்பிட்டாள். ஐயா அத்தையைச் சற்று நேரம் பார்த்தார். டின்னை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பிறகு புத்தகத்தை விரித்து, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

போலீஸ் வருமோ என்று எல்லோரும் பயந்தார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தையின் பெயரும் புத்தகத்தில் ஏறிவிட்டதே!

விடிந்ததும் லொறி வந்தது. போலீஸ் வரவில்லை. டிரங்குப் பெட்டிகளை ஏற்றும்போதே லயம் முழுக்க அழுகை. அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு, "அத்தைய மறந்துறாதடி" என்றாள்.

"அந்திக்கு வந்துருவீங்கதானே?"

அவள் என்னை இறுக்கிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். வரப்போகிறவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா லொறிப் பலகையைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். நான் சிரித்துக்கொண்டே கை காட்ட, அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "அத்தை போறா, சிரிக்கிறியே!"

அவர்கள் ரயில் ஏறும் மாத்தளை ஸ்டேஷனில் யாராவது அந்தப் புத்தகத்தைப் பார்த்து அவளைத் திருப்பி அனுப்புவார்கள் என்று நம்பியிருந்தேன். இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, அத்தைக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வைக்கச் சொன்னேன். இந்த முறை அம்மா அடிக்கவில்லை. ஏன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்று யோசித்தபடி, வாசலைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தேன்.