பந்தைக் காட்டு, பிள்ளை

“…பந்து ஒரு பக்கம் போகுது, உவன் மற்றப் பக்கம் நடக்கிறான். இதைக் காட்டத்தானோ ஞாயிற்றுக்கிழமையும் என்னை நித்திரை கொள்ள விடாமல் எழுப்பி வைச்சிருக்கிறியள்? எப்பவாவது ஒருக்கால் காலிலை பந்து படுகுது. பட்ட உடனை ஆருக்கோ குடுத்திட்டுத் திரும்பவும் நடக்கிறான். உவனுக்கு ஏன் பூட்ஸ்? செருப்போடையே நிக்கலாம்!”

பெரியமாமா இதைப் பாரிசில் தன்னுடைய கட்டிலில் இருந்துகொண்டு சொன்னார். வடமராட்சிக் கரையோரம் எங்கள் ஊர் மைதானத்தின் கோட்டுக்கு வெளியே, அம்மாவின் போனை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இடைவேளை நேரம். எனக்கு அப்போது பத்து வயது. ‘உவன்’ என்று அவர் சொன்னது அவருடைய ஒரேயொரு தம்பியை, என் சின்னமாமாவை.

பெரியமாமா வெளிநாடு போகும்போது சின்னமாமாவுக்கு ஆறு வயது. நான் பிறக்கவே இல்லை. போவதற்கு முன்னர் பெரியமாமா எங்கள் ஊர்ப் பந்தாட்ட ரீமில் இடது பக்கத்து போர்வேட். அவர் அடித்த கோல்களை ஊரில் இன்னமும் கதைப்பார்கள். கதைக்கக் கதைக்க ஒவ்வொரு கோலும் இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து அடித்ததாக மாறிவிடும். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அவற்றில் ஒன்று மைதானத்துக்கு வெளியே இருந்தே அடிக்கப்பட்டதாகியிருந்தது. அவரும் அதை மறுத்ததில்லை.

அம்மம்மாவும் அம்மப்பாவும் நேரத்தோடே கண்ணை மூடிவிட்டதால் சின்னமாமா வளர்ந்தது எங்கள் வீட்டில்தான். எனக்கு அவர் பாதி மாமா, பாதி அண்ணை. காலையில் சைக்கிள் பாரில் இருத்தி என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். இந்த மனிதனைத்தான் பெரியமாமா பாரிசுக்குக் கூப்பிட்டு எடுக்க நின்றார். ஏஜென்சிக்காரரிடம் பாஸ்போட் கொடுக்கும் நாள்கூடக் குறித்தாயிற்று. சின்னமாமாவோ, அடுத்த மாதம் மாவட்ட ரீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், அது முடியாமல் அசைய மாட்டேன் என்று நின்றார். அம்மா அண்ணனுக்கும் ஓம் போட்டார், தம்பிக்கும் ஓம் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் போன் அடித்தாலே கோழிகள் கூட விலகிப் போகும்.

கடைசியில் சின்னமாமாதான் ஒரு வழி சொன்னார்.

“ஒரு மட்ச் முழுக்கப் பாருங்கோ அண்ணை. பாத்திட்டு வா எண்டு சொன்னியளெண்டா, ஒரு கதையும் கதையாமல் வாறன்.”

பெரியமாமா சம்மதித்தார். அப்படித்தான் மானிப்பாய்ப் பக்கத்து ரீமோடு நடந்த அந்த அரையிறுதிக்குப் போன் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. பெடியளிடம் கொடுத்தால் கோல் விழும்போது துள்ளுவார்கள், பாரிசில் வானம்தான் தெரியும் என்று அம்மா நினைத்தார்.

அன்று காலை புட்டும் மீன்குழம்பும் வைத்துக்கொண்டு அம்மா மெல்லச் சொன்னார், இன்றைக்கென்றாலும் ஒரு கோல் அடி, அண்ணை பார்க்கட்டும் என்று. சின்னமாமா தலையை நிமிர்த்தவில்லை.

“நான் முன்னுக்குப் போனா பின்னுக்கு ஆர் நிக்கிறதக்கா?” என்றுவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். தன் வாழ்க்கையே அன்று பின்னேரம் ஒரு போனுக்குள் முடிவாகப் போகிறது என்று தெரிந்த ஆள் அப்படிச் சாப்பிட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவர் நின்று விளையாடும் இடம் மைதானத்தின் நடு, பின்வரிசைக்குச் சற்று முன்னால். அதற்கு டிபென்சிவ் மிட்பீல்டர் என்று பெயர் என, இரவிரவாக ரிவி பார்க்கும் தேத்தண்ணிக் கடைக்கார அண்ணை சொல்வார். எங்கள் ஊரில் அதற்குப் பெயரே இல்லை. கோல் அடிக்கிறவன் இருந்தான், கோல் காக்கிறவன் இருந்தான், மிச்சப் பேரெல்லாம் ‘மற்றப் பெடியள்’. இந்த மற்றப் பெடியன் பெரிய ஆளாக வருவானா, மாட்டானா என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வருவான் என்ற பக்கத்துக்குக் கடைக்கார அண்ணை தலைவர். மாட்டான் என்ற பக்கத்துக்கு ஓட்டோ அண்ணை. இரண்டு பேரும் பெரியமாமாவோடு ஒன்றாகப் பந்தடித்தவர்கள். ஓட்டோ அண்ணை தன் கட்சியை நடத்தியதும் கடைக்கார அண்ணையின் கடைவாசல் மர வாங்கில் குந்தியிருந்துதான்.

“நாட்டு ரீமுக்கு விளையாடுவான். எழுதி வை.”

“முதல் எங்கடை ரீமுக்கு விளையாடட்டும். நான் பாக்கேக்கை எல்லாம் கையைக் காட்டிக்கொண்டு நிக்கிறான், சந்தியிலை நிக்கிற பொலிஸ்காரன் மாதிரி.”

“டேய், நீ குடிக்கிற தேத்தண்ணியிலை சீனி கண்ணுக்குத் தெரியுதோ? தெரியாது. ஆனா உள்ளுக்கை நிக்குது.”

“உன்ரை தேத்தண்ணியிலை தெரியாதுதான். போட்டாலெல்லோ தெரியும்!”

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தே அன்றைய வழக்கைத் தீர்த்துவிடுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன், சின்னமாமாவுக்குத் தெரியாமல்.

இடைவேளையில் இந்த இரண்டு தலைவர்களும் என் தோளுக்கு மேலால் போனுக்குள் தலையை நீட்டினார்கள்.

“மச்சான், நீ கோல் அடிச்ச ஆள். உனக்கு உது விளங்காது,” என்றார் கடைக்கார அண்ணை.

“விளங்காட்டி விளங்கப்படுத்தன்ரா.”

கடைக்கார அண்ணை வாயைத் திறந்தார். கைகள் இரண்டும் காற்றில் ஏதோ கட்டின, பிரித்தன, திரும்பக் கட்டின. வருடக் கணக்காக வாங்கில் வெட்டி விழுத்திய மனிதனுக்குத் தேவையான நேரத்தில் ஒரு சொல் வரவில்லை.

“பாத்தியோ?” என்றார் ஓட்டோ அண்ணை. “பாரிசிலையிருந்தே தெரியுது. உள்ளூரிலை இருக்கிற உனக்குத்தான் தெரியேல்லை.”

“சரி, பாத்தது காணும்,” என்றார் பெரியமாமா. “அம்மாட்டைச் சொல்லு பிள்ளை, செவ்வாய்க்கிழமை பாஸ்போட்டைக் குடுக்கட்டாம்.”

அவருடைய விரல் போனை நோக்கி வருவது பெரிதாகத் தெரிந்தது. எனக்குச் சைக்கிள் பார் நினைவுக்கு வந்தது.

“முழுக்கப் பாக்கிறனெண்டுதானே சொன்னனீங்கள்? இன்னும் பாதி கிடக்கு,” என்றேன். சத்தம் எனக்கே கூடிப்போனதாகப் பட்டது.

விரல் நின்றது. ஊரில் பெரியமாமாவைப் பற்றிச் சொல்கிற எல்லாவற்றையும் நம்ப முடியாது. ஆனால் சொன்ன சொல்லுக்கு நிற்பார் என்பது உண்மை.

“சரி, காட்டு,” என்றார் சலிப்போடு.

அடுத்த பாதிக்கு விசில் ஊதியபோது நான் ஒரு முடிவு எடுத்தேன். அதில் பந்தாட்ட அறிவு எதுவும் கிடையாது. பந்து இருக்கிற இடத்தில் சின்னமாமா இல்லை என்பதுதானே குற்றச்சாட்டு? பந்தைக் காட்டியது நான்தானே? அப்படியானால் இனிப் பந்தைக் காட்டக்கூடாது. பத்து வயதுக்கு அந்த நியாயம் தாராளமாகப் போதும். கமராவைச் சின்னமாமாவில் வைத்தேன். அவர் போன பக்கமெல்லாம் திருப்பினேன்.

“பிள்ளை, பந்து எங்கை?”

“அங்காலை.”

“அங்காலையெண்டா அங்காலை திருப்பு.”

“மாட்டன்.”

“நீயென்ன கலியாண வீட்டு வீடியோவோ எடுக்கிறாய், மாப்பிள்ளையையே காட்டிக்கொண்டு? பந்தைக் காட்டு பிள்ளை!”

ஓட்டோ அண்ணை போனை வாங்கக் கை நீட்டினார். முழங்கைகளை விலாவோடு இறுக்கிக்கொண்டு அவருக்கு முதுகைக் கொடுத்தேன். “விடு, உதுகளின்ரை குடும்பமே இப்பிடித்தான்,” என்று அவர் பின்வாங்கினார். கடற்காற்று போனுக்குள் ஊதியது. கை உளைந்தது. பெரியமாமா ஏசிக்கொண்டே இருந்தார். நான் கேளாத மாதிரியே இருந்தேன்.

திரையில் தெரிந்ததெல்லாம் ஒரு மெலிந்த பெடியன். அவன் இடது தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்ப்பான், பிறகு வலது தோளுக்கு மேலால் பார்ப்பான். ஆரையோ பார்த்துக் கத்துவான். நாலடி இந்தப் பக்கம் வருவான், திரும்ப அந்தப் பக்கம் போவான். எங்கிருந்தோ பந்து ஒன்று வந்து சரியாக அவன் காலடியில் விழும். அதை ஒரு தட்டில் அனுப்பிவிட்டுத் திரும்பவும் தோளுக்கு மேலால் பார்ப்பான். உண்மையைச் சொன்னால் பார்க்க அலுப்பான காட்சிதான்.

ஏச்சு எந்த இடத்தில் நின்றதென்று நான் கவனிக்கவில்லை. “உவன் ஏன் திரும்பித் திரும்பிப் பாக்கிறான்?” என்ற குரல் கேட்டது. அது என்னைக் கேட்ட கேள்வி மாதிரி இருக்கவில்லை.

திடீரென்று மைதானமே வெடித்தது. ஒலிபெருக்கி கத்தியது, ஆரோ என் முதுகில் வந்து விழுந்தார்கள். நாங்கள் கோல் அடித்துவிட்டோம். நான் திரும்பவில்லை. என் திரையில் சின்னமாமா இரண்டு கையையும் உயர்த்திக் கொஞ்சத் தூரம் ஓடினார். பிறகு சட்டென நின்று, துள்ளிக்கொண்டிருந்த எங்கள் பின்வரிசைப் பெடியன் ஒருவனைச் சட்டையில் பிடித்து இழுத்துப் பழைய இடத்தில் கொண்டுபோய் விட்டார். வாயில் வந்த சொல் நல்ல சொல்லாக இருந்திருக்காது.

“ஆர் அடிச்சது?” என்றார் பெரியமாமா.

“தெரியாது மாமா.”

“எனக்கும் தெரியாது,” என்று சொல்லி அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார்.

மானிப்பாய்ப் பக்கத்து ரீமில் நெட்டையாக ஒரு போர்வேட் இருந்தான், சின்னமாமாவுக்குக் கிட்ட வரும்போது திரைக்குள்ளும் வந்துபோனான். அவனிடம் பந்து போகும்போதெல்லாம் எங்கள் சனம் மூச்சை அடக்கும். பெரியமாமா இப்போது மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோலக் கதைத்துக்கொண்டிருந்தார். “உந்த நெட்டையன் கரையாலை வந்து உள்ளுக்கு வெட்டப் போறான். நானெண்டாலும் அதைத்தான் செய்வன். தம்பி, வலப்பக்கம் போ…” அவர் சொல்லி முடிக்கவில்லை, சின்னமாமா ஏற்கெனவே அங்கே நின்றார். நெட்டையன் வெட்டித் திரும்பினான். திரும்பிய இடத்தில் வழி இல்லை. பந்தைப் பின்னுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தால் மற்றக் கரையால் வந்தான். அங்கேயும் சின்னமாமா.

“அட,” என்றார் பெரியமாமா. “நான் வாய் திறக்க முதல் போயிட்டான்.”

லைன் அறுந்துவிட்டதோ என்று நான் திரையைத் தட்டிப் பார்த்தபோதுதான் அந்த வசனம் வந்தது.

“எனக்கு முன்னாலை உப்பிடி ஒருத்தன் நிண்டிருந்தா, அந்தக் கோல் ஒண்டும் நான் அடிச்சிருக்க மாட்டன்.”

கடைக்கார அண்ணை இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஓட்டோ அண்ணை காதைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து, “லைன் தெளிவில்லை, என்னவாம்?” என்றார்.

இதற்குப் பிறகு நாங்கள் வென்றிருக்க வேண்டும். வெல்லவில்லை. முடியப் போகிற நேரத்தில் அவர்களுடைய பிறீ கிக் ஒன்று எல்லாருடைய தலைக்கும் மேலால் போய் எங்கள் வலைக்குள் விழுந்து கணக்கைச் சமப்படுத்தியது. பெனால்டியில் தோற்றோம். “நான் அப்பவே சொன்னனான்” என்று ஓட்டோ அண்ணை தொடங்க, “பிறீ கிக்கை உவனோ வந்து தலையிலை வாங்கிறது?” என்று கடைக்கார அண்ணை பாய, சனம் அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டது.

தோற்றால் பாரிஸ் என்று என் மனதில் நானே ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“மாமா, தோத்திட்டம்.”

“ஓம், பாத்தனான்.”

“அப்ப சின்னமாமா அங்கை வரவேணுமோ?”

பெரியமாமா முகத்தைக் கையால் ஒருமுறை துடைத்தார். அவருக்குப் பின்னால் எப்போதும் தெரியும் அதே வெள்ளைச் சுவர்.

“இல்லைப் பிள்ளை. உவன் அங்கை நிக்க வேண்டிய ஆள். அம்மாட்டைச் சொல்லு, பாஸ்போட்டை ஆரிட்டையும் குடுக்க வேண்டாம். ஆள் எடுக்கிற அண்டைக்கு வடிவாச் சாப்பாடு குடுத்து அனுப்பட்டாம். அண்ணை சொன்னதெண்டு சொல்லு.”

நான் துள்ளினேன். பாரிசில் வானமும் பனைகளும் ஆட்களின் கால்களும் தெரிந்திருக்கும். கோட்டைத் தாண்டி ஓடி, புல்லில் இருந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்த சின்னமாமாவுக்கு முன்னால் நின்று அவ்வளவையும் ஒரே மூச்சில் கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பூட்ஸ் காலோடு அப்படியே மல்லாந்து, முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிட்டார். வென்றவர்கள் நாங்கள்தான் என்று எனக்கு அப்போது துளியும் சந்தேகம் இருக்கவில்லை. இதைப் பெரியமாமாவுக்கும் காட்டலாம் என்று போனைத் தூக்கினேன்.

அவர் திரையில் இல்லை. அழைப்பு முடிந்துவிட்டதென்று நினைத்தாரோ என்னவோ, போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு எழும்பியிருந்தார். அவருடைய அறை முழுவதையும் நான் பார்த்தது அன்றைக்குத்தான். நாங்கள் சமைக்கும் குசினியை விடச் சிறிய அறை. ஒரு கட்டில், ஒரு அலுமாரி. கதவோரம் சுவரில் சாய்த்தபடி ஒரு புது மெத்தை, சுற்றிவந்த பொலித்தீன்கூடக் கழற்றாமல்.

“மாமா, புது மெத்தையோ? ஆருக்கு?” என்று கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைதானே, வீடு ஒதுக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். மெத்தையை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துத் தூக்கி, அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடுக்குக்குள் தள்ளினார். போகவில்லை. வெளியே இழுத்து, மற்றப் பக்கமாகத் திருப்பி, பொலித்தீன் சரசரக்கத் தோளைக் கொடுத்துத் திரும்பவும் தள்ளினார்.