ஏழாம் மிஷினுக்குள் ஆள்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பிரநோமுக்குப் பொய் சொல்லத் தெரியாது. விச்சிட் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். இருவரையும் தனித்தனியே துருவினேன். ஒரே கதை.

பாங்காக் பக்கம் பாங்ப்ளியில், கணினி சொன்னபடி இரும்பைச் சீவும் ஒரு சிஎன்சி பட்டறை. பிரநோம் அங்கே ஏழாம் மிஷின் ஓட்டுகிறாள். கணவன் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். அவள் அழுததை நம் சந்தில் ஒருத்தரும் பார்க்கவில்லை. சொம்தாம் பப்பாளிக்காய்க் கலவையில் பத்து மிளகாய் இடித்துப் போட்டும் காரமே தெரியவில்லையாம். மிஷின் நின்றால் மற்றவர்கள் போர்மேன் விச்சிட்டைக் கூப்பிடுவார்கள். இவள் திரைக்குப் பக்கத்திலுள்ள உதவிப் பொத்தானை அமுக்கி, என்ன கோளாறு என்று வாசிப்பாள்.

அன்று பகல் 12.04. மிஷின் நின்றது. பொத்தானை அமுக்கினாள்.

'காரணம்: ஆள் உள்ளே. செய்ய வேண்டியது: வெளியே வரும்வரை காத்திரு.'

கதவைத் திறந்தாள். எண்ணெய்த் தண்ணீர் சொட்டியது. யாருமில்லை. பயம் வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. கதவைச் சாத்தி மறுபடி ஓட்டினாள்.

12.09. நின்றது. உள்ளிருந்து டொக்... டொக்... யாரோ விரல் மடக்கித் தட்டுவது போல.

விச்சிட் வந்தான். "என்னக்கா, மறுபடி மிஷின்கிட்ட ஜோசியமா?"

"உள்ள ஆள் இருக்காம், தலைவரே."

"சம்பளம் கேக்காத ஆளா? இருந்துட்டுப் போகட்டும். ஒரு மணிக்கு லாரி வருது."

கதவு திறந்திருந்தால் மிஷின் ஓடாது. கதவின் சுவிட்சில் ஓர் உதிரிச் சாவியைச் செருகினால் ஓடும். பெரிய அதிகாரி இல்லாதபோது எல்லாரும் செய்வதுதான். விச்சிட்டும் செருகினான். தலையை உள்ளே நுழைத்தான்.

"நான் சொன்னதும் ஸ்டார்ட் அமுக்கு. எங்க தட்டுதுன்னு பாக்குறேன்."

12.16. பிரநோமின் விரல் பச்சைப் பொத்தான்மேல். மரத்துப்போன விரல். என்ன தோன்றியதோ... முதலில் உதவியை அமுக்கினாள்.

'ஆள் உள்ளே. இப்போது இரண்டு பேர்.'

பச்சைப் பொத்தானை அவள் தொடவில்லை.

அது தானாக எரிந்தது. மிஷின் உறுமியது.

சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தாள்.

டக்.

கருவி மாற்றும் இரும்புக் கை விச்சிட்டின் காதுக்கு ஒரு விரல் அளவு தள்ளி நின்றது.

அவன் பின்னால் ஊர்ந்து தரையில் உட்கார்ந்தான். திரை மாறியது.

'ஒருவர் உள்ளே.'

மறுநாள் பழுது பார்ப்பவர் வந்தார். சாவியைப் பிடுங்கி விச்சிட்டைத் திட்டித் தீர்த்தார். பிறகு பிரநோம் சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இந்த மிஷின்ல உதவிப் பக்கமே ஏத்தலையேம்மா. உங்க முதலாளி வேண்டாம்னுட்டாரு. வந்த நாள்லேருந்து அமுக்குனா வெறும் திரைதான்."

அமுக்கிக் காட்டினார். வெறும் கறுப்பு.

விச்சிட் சட்டைக்குள் தாயத்தைத் தேடினான். பிரநோம் கை துடைத்த துணியை மடித்து வைத்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்.

"அப்ப... உள்ள இருக்குறவரு வெளிய வந்துட்டாரான்னு யாரைக் கேக்குறது?"