குப்பையை அழித்த கை

கல்யாண ஃபோட்டோ தொழிலில் இருப்பதைப் படம் பிடிப்பது கால்வாசி வேலை, இருந்ததை இல்லாமல் ஆக்குவது முக்கால்வாசி வேலை. சித்தப்பாவின் தொப்பையைக் குறைத்து, பெரியம்மாவின் கழுத்துக்கு வெளிச்சம் கொடுத்து, மணமேடைக்குப் பின்னால் நிற்கும் கேஸ் சிலிண்டரைக் காணாமல் அடித்த சக பாவப்பட்ட ஜீவன்களே, நான் அந்த வேலையிலிருந்து சாக்கடையைப் படம் பிடிக்கப் போன கதையை உங்களிடம்தான் சொல்ல முடியும். மற்றவர்களுக்குப் புரியாது.

ஓவியம் தெரியுமா?

நான் தாராவியில் வளர்ந்தவள். ஓவியப் பள்ளியில் வாட்டர் கலர் படித்துவிட்டு, என் படங்களை ஒரு அட்டைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். முதலாளியை எல்லோரும் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாலைந்து படங்களுக்கு 'பேஷ்' கூடச் சொன்னார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, முந்தின நாள் ரிசப்ஷன் படம் ஒன்றைத் திறந்தார். மணப்பெண்ணைச் சுற்றித் தண்ணீர் பாட்டில்கள், மூலையில் ஒரு துடைப்பம். சார் சொன்னார்: "நன்னா வரையறே, சந்தேகமே இல்லை. அதை ஆத்தோட வெச்சுக்கோ. இங்கே அழிக்கக் கத்துக்கோ."

கொக்கு

சில வருஷத்தில் கேமராவும் கைக்கு வந்தது. முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்பதால் ட்ராம்பேயில் தமிழ் முஸ்லிம்கள் நிறைய இருக்கும் சீத்தா கேம்ப் முழுக்க எனக்கு வாடிக்கை. அங்கே ஒரு மணப்பெண், கல்யாணத்துக்கு முந்தின படங்களில் கடல் தெரிய வேண்டும் என்றாள். ட்ராம்பே பக்கம் கழிமுகத்து ஓரமாக அழைத்துப் போனேன். அவள் போஸ் கொடுத்து நிற்க, பின்னால் சேற்றில் கூட்டமாக ஃபிளமிங்கோக்கள் வந்து இறங்கின. பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்து, அவை பாட்டுக்கு மேய்ந்தன. என் கை ஃபோகஸை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் முகூர்த்தம் இல்லாவிட்டால் கழிமுகம்தான். இந்த ஊரின் தண்ணீரைப் பற்றி ஒரு படம் செய்யப்போகிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டும் திரிந்தேன். ஆனால் அந்த மணப்பெண் ஆல்பத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டது இதுதான்: "எக்கா, கல்யாணம் எனக்கா, அந்தக் கொக்குக்கா?"

பறக்காத மிஷின்

அந்த மணப்பெண்ணின் சின்னம்மா மெஹர் அக்கா. நாலா என்று மும்பையில் சொல்லும் பெரிய சாக்கடைக்கால்வாயை ஒட்டிய கடைசிச் சந்தில், அங்கே கல்லி என்பார்கள், அவருக்கு ஒரே ஒரு அறை. அதில் இரண்டு தையல் மிஷின்கள், அவைதான் சோறு போடுகின்றன. மழைக்காலத்தில் கடல் ஏறும்போதெல்லாம், அடைத்துக்கிடக்கும் நாலா வீட்டுக்குள் வந்துவிடும். போன வருஷம் ஒரு மோட்டார் போயிற்று. இந்த வருஷமும் மழைக்கு முன்னால் தூர் வாராவிட்டால், தொழிலை மூடிவிட்டுக் குர்லாவில் எங்காவது கூலிக்குத் தைக்கப் போக வேண்டியதுதான்.

வார்டு ஆபீசுக்கு மனு எழுதி வைத்திருந்தார். கூடவே வைக்கப் படம் வேண்டும் என்றார். நான் பறவைகளைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. "தண்ணி ஏறுனா ஒங் கொக்கு பறந்துரும். எம் மிஷின் பறக்காதுல்லா."

பழக்க தோஷம்

இனி என் மானம் போன கதை. முகூர்த்த மாதம், ஆல்பங்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. காதில் ஃபோனை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் வீட்டாரைச் சமாதானம் செய்தபடியே, அக்காவுக்காக எடுத்திருந்த நாலா படங்களைத் திறந்து, கலர் மட்டும் சரி செய்தேன். அப்படித்தான் நினைத்தேன். பத்து வருஷமாக பிளாஸ்டிக்கைக் கண்டால் அழித்துப் பழகிய கை, பை, பாட்டில், தெர்மாகோல், செத்த எலி எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. கறுப்புத் தண்ணீருக்குக் கொஞ்சம் பச்சையும் ஏற்றியது. பளபளக்கும் தாளில் பிரிண்ட் போட்டு, உறையில் போட்டு ஒட்டி, நானே மனுவோடு பின் பண்ணிக் கொடுத்தேன்.

அக்காவும் நானும் எதிரே நிற்க, வார்டு ஆபீஸ் இஞ்சினியர் உறையைப் பிரித்தார். முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லா இருக்கே மேடம், இங்கே போட்டிங் உண்டா?" என்று இந்தியில் கேட்டார். அப்போதுதான் எட்டிப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருக்கிறது என்று மனுவின் ஓரத்தில் எழுதி, காகிதக் கட்டின் அடியில் செருகிவிட்டார். மெஹர் அக்காவிடம் இருந்த ஒரே சாட்சியை நானே துடைத்திருந்தேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் பஸ் வந்தபோது அக்கா சொன்னார்: "நீ செஞ்ச மாரி அவனுவ செஞ்சிருந்தா, நான் எதுக்குட்டி மனு குடுக்கப் போறேன்?"

பவுடர்

அசல் படங்களைக் கொண்டுபோனால், இரண்டில் எது பொய் என்று இஞ்சினியர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதனால் வீடியோ என்று முடிவு செய்தேன். நொடிக்கு இருபத்தைந்து படம், ஆசைப்பட்டாலும் அழிக்க ஆயுசு பத்தாது. மே மாதம் பௌர்ணமியை ஒட்டி, மழை இல்லாமலே கடல் ஏறும் ஒரு மத்தியானம், மெஹர் அக்கா வீட்டுக்குள் கேமராவை வாசலைப் பார்க்க நிறுத்தினேன்.

கேமரா வருகிறது என்று கல்லிக்கே தெரிந்திருந்தது. வாசல்களைப் பெருக்கி, நல்ல சேலை கட்டி, பவுடர் பூசி, கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீரில் சிரித்தபடி வரிசையாக நின்றார்கள். தினமும் இருக்கிற மாதிரி நில்லுங்கள் என்று கெஞ்சினேன். பக்கத்து வீட்டுக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாக்கடை நாறுதுன்னா நாங்களும் நாறணுமாட்டி?"

வெட்டாத ஏழு நிமிஷம்

போன தடவை கொடுத்தது கல்யாண வேலை, இது நிஜம் என்று ஒப்புக்கொண்டு, இஞ்சினியர் மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். ஏழு நிமிஷம், ஒரு வெட்டும் கிடையாது. தண்ணீர் படி ஏறியது, உள்ளே வந்தது, ஒரு செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது, தையல் மிஷினின் பெடலைத் தொட்டது. பாதியில் மனிதர் தன்னையறியாமல் ஷூவைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டார். முடிந்ததும் கட்டின் அடியிலிருந்து மனுவை உருவினார். "புதன்கிழமை ஜேசிபி வரும். நீங்க கேமராவோட வர வேண்டாம்."

ஜேசிபி வந்தது. அள்ளிய சேற்றைக் காயட்டும் என்று கல்லி முனையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். பத்து நாள் நாற்றம், ஏச்சு முழுக்க எனக்கு. ஜூனில் முதல் பெருமழை கொட்டிய அதே நேரத்தில் கடலும் ஏறியபோது, செம்பூரில் ஒரு ரிசப்ஷனில் நின்றுகொண்டு அக்காவுக்கு ஃபோன் போட்டேன். மறுமுனையில் கடகடவென்று மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "தண்ணி வாசப்படி வரைக்கும் வந்து நிக்கி, உள்ள வரல. ஃபோனை வையி, நாளைக்கு ரெண்டு ப்ளவுஸ் குடுக்கணும்."

நூற்றுக்கணக்கான கல்யாண வீடியோக்கள் எடுத்திருக்கிறேன், ஒன்றையாவது யாராவது கடைசிவரை பார்த்ததாகத் தகவல் இல்லை. ஒரு மனிதர் எழுந்து போகாமல் முழுசாக உட்கார்ந்து பார்த்த என் ஒரே படம், சாக்கடையைப் பற்றியது.