பொட்டா, கோடா

கட்டபெட்டுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீடுகளில், சுமலதா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. "ஏரோப்ளேன் கம்பெனியில இருக்கா" என்று அவள் அம்மா சின்னம்மை சொல்வாள். கேட்பவர்கள், அவள் வானத்தில் பறந்துகொண்டே பயணிகளுக்குக் காப்பி கொடுக்கிறாள் என்று முடிவுகட்டிக்கொள்வார்கள். தேயிலை ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர்கூட ஒருமுறை, துபாய் போகும் தன் மச்சானுக்கு ஜன்னல் ஓரமாக ஒரு சீட் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்.

சுமலதா விமானத்தில் பறந்ததே இல்லை. ஆனால் அதன் இறக்கைக்குள் படுத்திருக்கிறாள்.

பெங்களூருக்கு வெளியே ஒரு தனியார் பழுதுபார்க்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. வயதான பயணிகள் விமானங்கள் அங்கே வந்து வாரக்கணக்கில் நிற்கும். விமானம் ஒவ்வொரு தடவை மேலே எழும்பும்போதும் இறக்கை கொஞ்சம் மேல்நோக்கி வளையும். இறங்கினால் பழையபடி தாழும். ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கடைசியில் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். இறக்கை அப்படி ஆகாமலிருக்க, முறிவு மயிரிழையாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட வேண்டும். பெரும்பாலும் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணிகளின் துளை ஓரத்தில்தான் அது தொடங்கும்.

இறக்கையின் வயிறுதான் எரிபொருள் டேங்க். எண்ணெயை வடித்து, காற்றைச் செலுத்தி, பருத்தி உடுப்போடு அதற்குள் ஊர்ந்து போவார்கள். சந்தேகமான இடத்தில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி அடிப்பார்கள். உலோகத்தில் பிளவு இருந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் சாயம் வெள்ளையில் கசிந்து வரும். புள்ளியாக வந்தால் அது சிறு குழி, பெரிய பயம் இல்லை. நீளமாக வந்தால்தான் வினை.

அவளுடைய ஷிப்டில் ஒரு வழக்கம் இருந்தது. உறுதியாகத் தெரியும்வரை 'கிராக்' என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. முன்னொரு தடவை யாரோ ஒருவன் அப்படிக் கத்தப்போய், விமானத்துக்குச் சொந்தக்காரர்களின் ஆள் அதைக் கேட்டு மேலிடம்வரை போன் போட்டுவிட்டான். கடைசியில் பார்த்தால் அது துணியிலிருந்து ஒட்டிக்கொண்ட நூல். எல்லாருக்கும் திட்டு. அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு வாய்ப்பூட்டு. வெள்ளைமேல் சிவப்புப் புள்ளி என்றால் 'பொட்டு'. நீளமாக இருந்தால் 'கோடு'. பொட்டா, கோடா என்று கேட்டுக்கொள்வார்கள். வேறு பேச்சு இல்லை.

மாரியம்மன் திருவிழாவுக்காக லீவு போட்டு அன்று காலையில்தான் சுமலதா வந்து சேர்ந்திருந்தாள். அம்மாவின் மனம் திருவிழாவில் இல்லை. அடுத்த வருஷம் எஸ்டேட் வேலையிலிருந்து அவளுக்கு ரிட்டயர்மெண்ட். வேலை போனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். சிறுபிள்ளையாகச் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவளுக்கு, மறுபடி ஒரு வீட்டை விட்டுப் போவதை நினைத்தாலே பயம். "ஒன் வேல இருக்கிறவரைக்கும் எனக்குப் பயமில்ல புள்ள" என்று தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்.

அப்போது பக்கத்து வீட்டுத் தபித்தாள் வந்தாள். பந்தலூர்ப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். அவள் தமிழில் பாதி மலையாளமாக இருக்கும். கோயிலில் பொங்கல் வைக்க சின்னம்மை வாங்கி வைத்திருந்த மண்பானையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் விரலை ஓட்டினாள்.

"இது வேண்டா சின்னம்மைக்கா. இதுல பொட்டு உண்டு."

"சந்தனப் பொட்டு நாந்தான் வெச்சேன். நல்லாத்தான இருக்கு?"

தபித்தாள் சிரித்தாள். "அதில்ல. இந்தா, அடியில பொட்டு. அடுப்புல வெச்சா மாரியம்மனுக்கு முன்னால தீதான் பொங்கல் சாப்பிடும்."

சுமலதா பானையை வாங்கித் திருப்பினாள். அடியில் புள்ளி எதுவும் இல்லை. விளிம்பிலிருந்து நடுவரைக்கும் மெல்லிய கோடாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"இதையா பொட்டுன்னு சொல்றீங்க?"

"பின்னே? பொட்டினா பொட்டுதான மோளே."

சுமலதா இதே சொல்லை நேற்றும் கேட்டிருந்தாள். பானையைக் கீழே வைத்தாள்.

நேற்றுச் சாயங்காலம் கூடத்தில் நடந்தது இது. வலது இறக்கையில் எல்லா அறைகளையும் அவளே ஊர்ந்து பார்த்துவிட்டாள். நுனியை ஒட்டிய கடைசி அறை மட்டும் பாக்கி. அது மிகக் குறுகல். நெல்சன், நான் போகிறேன் என்றான். நாற்பது வயது ஒல்லி மனிதன். வளைகுடாவில் வெல்டராக இருந்துவிட்டு இந்த ஷிப்டுக்குப் புதிதாக வந்தவன். அவனும் பந்தலூர்க்காரன்தான். டேங்குக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் போட்டோவும் கிடையாது. அவள் வாசலில் தலையைக் கொடுத்து, என்ன தெரியுது என்று கேட்டாள்.

"ஒரு பொட்டு உண்டு மேடம்."

"பெருசா?"

"சின்னதுதான்."

பொட்டா, கோடா என்று அவள் கேட்கவில்லை. அவன்தான் பொட்டு என்று சொல்லிவிட்டானே. துடைத்துவிட்டு வரச் சொன்னாள். அவன் உடனே துடைக்கத் தொடங்கவில்லை. பிறகு துணி தேய்க்கும் ஓசை வந்தது. அவளுக்கு ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரம். தன் கண்ணால் பார்க்காத இடத்துக்கும் சேர்த்துச் சரி என்று முத்திரை குத்திவிட்டு வந்துவிட்டாள்.

இன்று டேங்கை மூடி எண்ணெய் ஏற்றுவார்கள். சாயங்காலம் விமானம் போய்விடும். நாளை அதில் ஆட்கள் ஏறுவார்கள். டீமேக்கரின் மச்சான் போல யாரோ ஒருவர், ஜன்னல் ஓரமாக, இறக்கையைப் பார்த்தபடி.

லயத்தில் சிக்னல் கிடைக்காது. செருப்பைக்கூட மாட்டாமல் தேயிலைக்கு நடுவே இருந்த குறுக்குப் பாதையில் மேல் ரோட்டுக்கு ஓடினாள். "எங்க புள்ள ஓடுற?" என்ற அம்மாவின் குரல் பின்னால் கேட்டது. பஸ் ஸ்டாப்பில் மூடுபனி இறங்கியிருந்தது. நெல்சனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. எப்படி எடுப்பான்? போன் லாக்கரில் இருக்கும், அவன் எந்த இறக்கைக்குள் இருக்கிறானோ.

ஷிப்ட் இன்சார்ஜ் ராமகிருஷ்ணனை அழைத்தாள். கோயம்புத்தூர்க்காரர், மரியாதையானவர், ஆனால் வேலையில் பிசகு என்றால் முகம் கொடுக்க மாட்டார். அவரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். ஒரு கோடு சிக்னல் வந்தது, போனது.

காத்திருந்த நேரத்தில் மனம் வேறு வழிகளைத் தேடியது. ஒருவேளை நெல்சன் நிஜமாகவே புள்ளியைத்தான் சொல்லியிருந்தால்? அத்தனை எண்ணெயையும் வடித்து, டேங்கைத் திறந்து, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? சும்மா ஒரு சந்தேகம், இன்னொரு தடவை பார்க்கலாம் என்று மட்டும் சொல்லலாமா? முத்திரை விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் வேலை பிழைக்கும். வேலை இருந்தால்தான் அம்மாவுக்கு ஒரு வீடு. தேங்காய் துருவிக்கொண்டே அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. சந்தேகம் என்று மட்டும் சொன்னால் அவர் திறக்க மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். முத்திரை இருக்கும்போது யார் திறப்பார்கள்?

போன் அடித்தது. ராமகிருஷ்ணன்தான்.

"ஏம்மா, லீவுல போயும் நிம்மதியா இருக்க மாட்டியா? அத்தன மிஸ்டு கால்."

வலது இறக்கையின் கடைசி அறையைத் திறக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். பொட்டு என்ற சொல்லைப் பற்றியும் பானையைப் பற்றியும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். அவர் குறுக்கிடவில்லை. டேங்கை மூடியாகிவிட்டது, எண்ணெய் பாதி ஏறிவிட்டது என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த எடத்த நீ கண்ணால பாத்தியா, இல்லியா?"

"பாக்கலீங்க சார்."

"பாக்காமயே முத்திர குத்துனியா?"

"ஆமாங்க சார்."

"தொறந்து பாத்து ஒண்ணுமில்லன்னா?"

"நாந்தான் பதில் சொல்லணுங்க சார். ஆனா தொறந்துருங்க."

லைன் துண்டிக்கப்பட்டது. அவர் வைத்துவிட்டாரா, சிக்னல் போய்விட்டதா என்று தெரியவில்லை. மறுபடி அழைக்கக் கை வரவில்லை. கோத்தகிரி பஸ் ஒன்று வந்து, அவள் ஏறுவாள் என்று நின்று, ஏறாததால் டிரைவர் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். பனி ஈரத்தில் தலை நனைந்துவிட்டது. கால் விரல்கள் மரத்துப்போயின.

கடைசியில் கூடத்தின் லேண்ட்லைன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது நெல்சன்.

"அண்ணா, நேத்து நீங்க சொன்ன பொட்டு எப்படி இருந்துச்சு? வட்டமாவா?"

"வட்டமா? இல்ல மேடம். நீளமா, ஒரு நகத்தோட அளவு. பொட்டுன்னா பொட்டினதுதான. எங்க ஊர்ல கை பொட்டிச்சுன்னா எலும்பு முறிஞ்சதுன்னு அர்த்தம்."

"கோடுன்னு ஏண்ணா சொல்லல?"

"கோடுன்னா பேனாவுல போடறதுன்னு நெனச்சேன். அந்த இங்கிலீஷ் வார்த்தையச் சொல்லக் கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டாங்க. நீங்க தொடைச்சிட்டு வரச் சொன்னதும், மேடத்துக்குத் தெரியாததான்னு தொடைச்சிட்டேன். எனக்கு ராத்திரி உறக்கமே இல்ல மேடம்."

ராமகிருஷ்ணன் போனை வாங்கினார். எண்ணெயை வடிக்கச் சொல்லியாகிவிட்டது என்றார். விமானம் இன்று போகாது. காலையில் அவள் அங்கே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு இறங்கி வந்தபோது தபித்தாள் தன் வீட்டிலிருந்து கொடுத்த வேறு பானையில் புதுச் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. சின்னம்மை மகளின் காலைப் பார்த்தாள். சுமலதாவே சொன்னாள், அவசரமாக வேலைக்குப் போக வேண்டும் என்று. வேலை இருக்குமா என்பதைச் சொல்லவில்லை. அம்மா ஒரு பழைய புடவையைக் கிழித்துக் காலைத் துடைக்கக் கொடுத்துவிட்டு, பொங்கல் பொங்குவதற்கு முன்னால் கிளம்பினால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று மட்டும் முனகினாள். ஆனாலும் பையை அவளே எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலையில் கூடத்தில் யாரும் அவளைத் திட்டவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. "முத்திரைய மேசைமேல வெச்சிரு. விசாரண முடியட்டும்" என்றார் ராமகிருஷ்ணன். "இப்ப உள்ள போய்ப் பாரு. வேற ஆள் கையெழுத்துப் போடுவாங்க."

சுமலதா முத்திரையை வைத்துவிட்டுப் பருத்தி உடுப்பை மாட்டிக்கொண்டாள். கடைசி அறை அவள் நினைத்ததைவிடக் குறுகலாக இருந்தது. தோள்கள் இரண்டு பக்கமும் உரசின. மண்ணெண்ணெய் போன்ற வாடை தொண்டையைப் பிடித்தது. சாயம் தடவினாள். காத்திருந்தாள். துடைத்தாள். வெள்ளை அடித்து, விளக்கை அருகே பிடித்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒரு கணம், ஒன்றும் இல்லாமல் போய்விட வேண்டும் என்றும், இருந்துவிட வேண்டும் என்றும் அவள் சேர்த்தே வேண்டிக்கொண்டாள். பிறகு ரிவெட் துளையின் ஓரத்திலிருந்து சிவப்பு கசியத் தொடங்கியது. மெதுவாக நீண்டது.

வாசலில் ராமகிருஷ்ணனின் குரல் கேட்டது. அவர் பக்கத்தில் விமானத்துக்குச் சொந்தக்காரர்களின் ஆளும் நெல்சனும் நிற்பது அவளுக்குத் தெரியும்.

"என்ன தெரியுது? பொட்டா, கோடா?"

"கிராக்" என்றாள் சுமலதா, எல்லாருக்கும் கேட்கும்படி.