பயந்த சொல்தாவும் எங்கள் மீன் வண்டியும்

செய்தி வந்தபோது நான் துறைமுகத்தில் ஏலத்தில் நின்றிருந்தேன். சங்கரா மீனுக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது. மகன் எழில் போனில் கூப்பிட்டான்.

"எம்மா, சொல்தா போயிட்டாரும்மா. காலையில நெஞ்சு வலின்னு கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாங்களாம். போற வழியிலயே முடிஞ்சிடுச்சாம்."

ஏலத்தை அப்படியே விட்டுவிட்டு ஓரமாகக் கிடந்த ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், முதலில் வந்தது பயம்தான். இனி என் பிள்ளை ஓட்டும் வண்டியை யார் பார்ப்பார்கள் என்ற பயம்.

மிஷேல் அண்ணனைத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? பிரெஞ்சு ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படி வந்தவர்களை நம் ஊரில் சொல்தா என்போம். சும்மா உட்காரப் பிடிக்காமல் தட்டாஞ்சாவடியில் ஒரு ஷெட் போட்டார். மீசையையும் உடம்பையும் பார்த்தால் புலி. ஆனால் அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொள்வார்.

எங்களுடையது பழைய பிக்கப். என் வீட்டுக்காரர் முதுகு வலியால் ஓட்டுவதை விட்டபின் எழில்தான் ஓட்டுகிறான். மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போவதற்குள், அரும்பார்த்தபுரம் மேம்பாலத்திலேயே அதற்கு மூச்சு முட்டிவிடும். வண்டி சந்தைக்குப் போய்ச் சேரும்போது மற்ற வியாபாரிகள் பாதி சரக்கை விற்று முடித்திருப்பார்கள். உடைந்த மினி லாரி ஒன்றின் எஞ்சின் விலைக்கு வருகிறது, அதைத் தூக்கி நம் வண்டியில் வைத்துவிடலாம் என்று எழில் ஒற்றைக்காலில் நின்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. அண்ணன் அவனைத் திட்டி அனுப்பிவிடுவார் என்று நம்பித்தான் ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. நேராக வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸ் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினார். துரு அவர் முகத்திலேயே கொட்டியது. எழுந்து உட்கார்ந்து, "வண்டிய எதுல கழுவுறீங்க?" என்று கேட்டார்.

"துறைமுகத்துத் தண்ணியிலதான். எல்லாரும் அதுலதான கழுவுறாங்க?"

"நல்லாக் கழுவுனீங்க, போங்க. மீன் உப்பு போதாதுன்னு கடல் உப்பையும் ஊத்திருக்கீங்க. அப்பளமாட்டம் உதிருது பாரு தங்கச்சி. இதும்மேல அந்த எஞ்சின வெச்சா, அது கீழ உக்காந்துக்கும். உம் பையன் அதும்மேல உக்காந்துக்குவான்."

எழிலுக்குக் கோபம் வந்தது. "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. வேற ஷெட்டு இல்லியா?" என்றான். அந்த ஒரு வார்த்தையால்தான் அண்ணன் வேலையை ஏற்றுக்கொண்டார். பின்னால் என்னிடம் சொன்னார்: "வேற எவனாவது பயப்படாம வெச்சிக் குடுத்துடுவான் தங்கச்சி. அதுக்கு நானே பயந்துக்கினு வெச்சிடறேன்."

ஆர்.டி.ஓ. அனுமதி வந்த பிறகுதான் கை வைத்தார். உப்பு தின்ற இடங்களை வெட்டி எறிந்து புது இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்தார். எஞ்சின் உட்கார்ந்தது. சாவியைப் போட்டதும் ஷெட் தகரமெல்லாம் அதிர்ந்தது. எழில் விசிலடித்தான். அண்ணன் முகம் மட்டும் இழவு வீட்டு முகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைச் சாலை காலியாகக் கிடந்தபோது சோதித்துப் பார்த்தோம். வண்டி நிறைய ஐஸ் ஏற்றச் சொன்னார். ஏற்றியபின் புறப்படாமல் வெயிலில் நிறுத்தினார். நனைந்தாலும் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க, ஐஸ் கரைந்து தண்ணீர் பின் சக்கரங்களின் பிரேக் டிரம் மேல் சொட்டும்வரை காத்திருந்தார். எழில் ஏறப் போனபோது, "அத்தான்சியோன்! ஜாக்கிரத! நீ எறங்கு. ஒங்கம்மா வரட்டும்" என்றார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வண்டி பறந்தது. அம்மாடி, அந்த வேகம் அந்த வண்டிக்கு எங்கிருந்து வந்ததோ! பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு கம்பெனியின் மதில் எங்கள் கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டே வந்தது. மாரியாத்தா என்று கத்தினேன். மதிலை ஒட்டி ஒருவழியாக நின்றது. அண்ணன் இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

அப்புறம் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஓடறது எஞ்சினோட வேல. நிக்கறது என் வேல. என் வேல இன்னும் முடியல" என்றார். எழில் கேட்கிற நிலையில் இல்லை. "சொல்தான்னு பேரு. பயந்து சாவுறீங்களே!" என்று கத்திவிட்டான். நான் அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அண்ணன் தடுத்தார்: "உடு. பட்டாளத்துல பயப்படாதவன்லாம் ஊரு திரும்பலப்பா. பயந்தவந்தான் பென்ஷன் வாங்குறான்."

எஞ்சின் எடுத்த அதே மினி லாரியின் பிரேக்கையும் தேடிப்பிடித்து மாட்டினார். ஐஸ் தண்ணீர் டிரம்மில் படாமல் விலகிப் போகக் குழாய் வைத்தார். அதன் பிறகே சாவி எங்கள் கைக்கு வந்தது.

சில மாதம் கழித்து, கண்டமங்கலம் அருகே எழிலுக்கு முன்னால் போன பஸ் சட்டென்று நின்றிருக்கிறது. அதன் பின்சீட்டு முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். முழு லோடோடு போன வண்டி, அதன்மேல் இடிக்காமல் நின்றுவிட்டது. நான் லட்டு வாங்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். அண்ணன் லட்டைத் தொடவில்லை. அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்ளோ எடவெளி இருந்துச்சாம்?"

"ஒரு மொழம் இருக்கும்ன்றான்."

"ஒரு மொழமா? பத்தாது தங்கச்சி, பத்தாது. நாளைக்கே வண்டிய கொண்டாரச் சொல்லு."

வண்டியை விட்டுவிட்டு வந்த எழில் முணுமுணுக்கக்கூட இல்லை. அந்தப் பிள்ளைகளின் முகம் அவனுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துவிட்டது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையை ஒட்டியிருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி லூர்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார்.

"உம் பையன் விழுப்புரத்துலேருந்து திரும்பி இந்த ரோட்டத் தாண்டுற வரைக்கும் அவரு சாப்புட மாட்டாரு. ஷெட்டுலேருந்து வந்து சும்மா உக்காந்துனு இருப்பாரு. நான் தட்ட வெச்சிக்கினு திட்டுவேன். 'இரு லூர்து, அந்த எஞ்சின வெச்சவன் நானு'ம்பாரு. அந்தச் சத்தம் போனப்புறந்தான் கையக் கழுவுவாரு." என் கையை விடாமலே சொன்னார்: "நேத்தும் அந்தச் சத்தம் போச்சு. நான் பாட்டுக்கு, சாப்புட வாங்கன்னு கூப்ட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன். இத்தனை காலம் என் பிள்ளைக்காக நான் பாதிதான் பயந்திருக்கிறேன். மீதிப் பாதியை, நான் கேட்காமலே, அந்த மனிதர் பயந்து தீர்த்திருக்கிறார். இப்போது அது முழுவதும் என்னிடம் வந்துவிட்டது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பயம் ஒன்றுதான். யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

நேற்று வண்டி வர வெகு நேரமாகிவிட்டது. டயர் பஞ்சர் என்று பிறகுதான் தெரிந்தது. போனும் எடுக்கவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுத் தெருமுனையில் போய் நின்றேன். நன்றாகவே பயந்தேன், அண்ணே. எழில் வந்து வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னாம்மா, வெயில்ல இங்க வந்து நிக்கிற?"

"ஒண்ணுமில்லடா. இனிமேத்தான் சாப்புடணும்" என்றேன்.