மரியஜான் கேட்டு எடுத்த எஞ்சின்

எஞ்சின் வாங்கப் போனால் மரியஜான் அதைப் பார்க்க மாட்டார். ஓடவிடச் சொல்லிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடை வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பார். இரண்டு நிமிடம். பிறகு திரும்பி "வேண்டாம்" என்பார், அல்லது, பிடித்திருந்தால், "கொள்ளாம்" என்பார். அவர் வேண்டாம் என்ற எஞ்சினை அந்தக் கடற்கரையில் யாரும் வாங்கியதில்லை. முப்பத்தெட்டு வருடம் கடலுக்குப் போனவர். மூடுபனியில் வருவது யாருடைய வள்ளம் என்பதைக் கரையில் நின்றபடியே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். ஊர் அந்தக் காதை நம்பியது. அவரும் நம்பினார்.

ஆனால் அந்த அக்டோபரில் அவர் குழித்துறைக்குப் போனது வள்ளத்துக்கு எஞ்சின் எடுக்க அல்ல, வீட்டுக்கு ஜெனரேட்டர் எடுக்க.

மனைவி லீமாவுக்கு நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டு வந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது கூடவே ஒரு ஆக்சிஜன் மெஷினும் வந்தது. அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் இருக்கிறவரை கொடுக்கும். கரண்ட் போனால், கட்டிலுக்கடியில் ஒரு சின்ன சிலிண்டர். அது மூன்று மணி நேரம் வரும். முந்தைய புயலில் ஊருக்குக் கரண்ட் திரும்பி வர ஆறு நாள் ஆனது. அந்த மூன்று மணி நேரத்துக்கும் ஆறு நாளுக்கும் நடுவில் லீமாவின் உயிர் இருந்தது.

கடைக்காரர் ஷாஜன் பத்து வருடம் மஸ்கட்டில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர்.

"இன்வெர்ட்டரும் பேட்டரியும் வச்சா போதாதா மக்கா?" என்று மரியஜான் கேட்டார்.

"நாலு மணிக்கூர் தாங்கும் மாமா. அதுக்குப் பெறகு? புயலு நாலு மணிக்கூர்ல போயிருமா?" ஷாஜன் மெஷினின் விவரச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "முந்நூத்தைம்பது வாட். ஸ்டார்ட் ஆகும்போ ரெண்டு மூணு மடங்கு இழுக்கும். கூட ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு. ரெண்டு கேவி எடுத்தா நிம்மதியா இருக்கலாம்."

முதல் ஜெனரேட்டரை ஷாஜன் கயிற்றை இழுத்து ஓடவிட்டார். மரியஜான் ரோட்டைப் பார்த்தார். "இது இருமுது. வேண்டாம்." இரண்டாவது வழவழவென்று ஓடியது. "அந்த ஹீட்டர இதுல சொருகு" என்று கடை மூலையில் இருந்த ஹீட்டரைக் காட்டினார் மரியஜான். சொருகியதும் சத்தம் குழைந்து, பிறகு தெளிந்தது. "பாரம் ஏறினா பதறுகு. வேண்டாம்." மூன்றாவது, மஞ்சள் நிறம், ஹீட்டரைச் சொருகியபோது ஒரு கணம் தாழ்ந்து உடனே நிமிர்ந்தது.

"கொள்ளாம்."

பில் போட்டுக்கொண்டே ஷாஜன் சொன்னார்: "ஒரு காரியம் மாமா. இத வீட்டுக்குள்ள வைக்கப்பிடாது. வெளிய, காத்தோடுற எடத்துல, ஜன்னலு வாதிலுக்கு இருபதடி தள்ளி."

"உப்புக்காத்துல வச்சா ரெண்டு மாசத்துல துருவேறி சாவும்."

"சாவட்டு, வேற வாங்கலாம். இதுக்க புகையில உள்ள வெஷம் கண்ணுக்குத் தெரியாது, மணக்கவும் செய்யாது. ஆளு உறங்குனது மாதிரியே போயிரும்."

"எனக்குப் புகைய படிச்சுத் தராத மக்கா. முப்பத்தெட்டு வருசமா எஞ்சினுக்க மூக்குக்கு முன்ன இருந்து சோறு தின்னவன் நான். செத்தா போனேன்?"

"கடல்ல செவரு உண்டா மாமா?"

மரியஜான் சிரித்தார். கடையில் நின்ற மற்றவர்களும் சிரித்தார்கள். ஷாஜன் மட்டும் சிரிக்கவில்லை.

கடற்கரை வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. மீன் இறக்கியதும் வள்ளத்திலிருந்து எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, பின்னறையில் மரச்சட்டத்தில் நிறுத்தி, பழைய போர்வையால் மூடுவார்கள். வள்ளம் மணலில் கிடக்கும், வலை வெளியில் கிடக்கும், எஞ்சின் மட்டும் கிடக்காது. அந்தப் போர்வைக்குப் பக்கத்திலேயே மஞ்சள் ஜெனரேட்டரும் இடம் பிடித்தது. உப்பு ஈரம் ஏறக்கூடாது என்று அந்த அறையின் ஜன்னலுக்கு மரியஜான் எப்போதோ பிளாஸ்டிக் தாள் அடித்திருந்தார்.

அவர் எடுத்ததைப் பார்த்து இன்னும் நான்கு வீடுகள் அதே மஞ்சள் ஜெனரேட்டரை எடுத்தன. நான்கிற்கும் அவரே போய்க் காது கொடுத்தார். எங்கே வைப்பது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: வீட்டுக்குள்ளே. அடுத்த தெரு ஜெனித்துக்கு, நான்கு மாதக் கைக்குழந்தை இருந்த வீட்டில், இடத்தைக்கூடக் காட்டிக் கொடுத்தார்.

"கடைக்காரன் வெளிய வைக்கச் சொன்னான் மாமா."

"அவன் கரைக்காரன். எஞ்சின எங்க வைக்கணும்னு அவனா நமக்குச் சொல்லித் தருவான்?"

டிசம்பர் இரண்டாவது வாரம் கோயில் மைக்கில் மூன்று நாள் தொடர்ந்து புயல் எச்சரிக்கை வந்தது. நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. லீமாவின் மெஷின் ஒரே ஒரு முறை கூவிவிட்டு நின்றது. மரியஜான் பின்னறைக்குப் போய்க் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அடுப்படி வழியாக வந்த வயரில் கரண்ட் வந்து மெஷின் மறுபடி மூச்சுவிட ஆரம்பித்தபோது லீமா கட்டிலில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். அது மாதாவுக்கா ஜெனரேட்டருக்கா என்று அவர் கேட்டார். "ரெண்டுக்கும்தான்" என்றாள்.

பின்னறையின் வெளிக்கதவு கடலைப் பார்த்தது. அதைத் திறந்துதான் வைத்திருந்தார். பதினோரு மணிக்கு மேல் காற்று திரும்பி, மழை நேராக உள்ளே அடித்தது. ஓடுகிற ஜெனரேட்டர் நனைந்தால் ஷாக் அடிக்கும், நின்றும் போகும். அவர் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, வள்ளங்களை இழுத்துக் கட்டக் கரைக்குப் போனார். ஜெனித்தும் அங்கே கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். காற்றில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, வேலை பாதியில் இருக்க, லீமாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு மரியஜான் திரும்பினார்.

லீமா அரைத் தூக்கத்தில் இருந்தாள். "தல இடிக்குவு" என்றாள். விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தார். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று காட்டுவது அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தொண்ணூற்றொன்றைத் தாண்டியதில்லை. இப்போது தொண்ணூற்று நான்கு. கன்னம்கூடச் சிவந்து தெரிந்தது.

"ஏட்டி, தொண்ணூத்திநாலு. எஞ்சினுக்க கரண்டு உனக்கு நல்லா பிடிச்சிருக்கு."

லீமா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கட்டும் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் நெற்றிப்பொட்டில் குத்தியது. காலையில் கட்டன்சாயா குடிக்கவில்லை, அதனால்தான் என்று நினைத்தார். எழுந்து சாயா போடலாம். கால் அசையச் சோம்பியது. எண் தொண்ணூற்று நான்கிலேயே நின்றது. அந்தக் கருவிக்கு ஆக்சிஜனுக்கும் புகையின் விஷத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்று டாக்டர் அவருக்குச் சொன்னது பிறகு, நெய்யூரில் வைத்து.

அப்போது சத்தம் மாறியது.

பின்னறையில் எஞ்சின் ஏறி, தாழ்ந்து, மறுபடி ஏறியது. பெட்ரோல் தீரும்போது இப்படி இல்லை. தண்ணீர் கலந்தாலும் இப்படி இல்லை. எஞ்சின் மேல் நனைந்த சாக்கைப் போட்டு அமுக்கினால் இப்படி ஓடும். மூச்சு முட்டுகிறது. அவரை எழுப்பியது எஞ்சினைப் பற்றிய கவலைதான். அடுப்படியைத் தாண்டிப் பின்னறையின் உள்கதவைத் தள்ளியதும் சூடான காற்று முகத்தில் மோதியது. கண் எரிந்தது. அவர் தரையில் சரிந்தார்.

நான்கு பக்கமும் சுவர். எஞ்சினுக்கே இல்லாத காற்றைத்தான் லீமா உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

நிறுத்தும் பொத்தானை முழங்கையால் அழுத்தினார். தவழ்ந்துதான் திரும்பி வந்தார். லீமாவின் கைக்கு அடியில் கையைக் கொடுத்து இழுத்தபோது அவள் நனைந்த வலையாகக் கனத்தாள். குழாய் மூக்கிலிருந்து கழன்றது. வாசல் கதவைத் திறந்து வராந்தாவில், மழைச் சாரலில் கிடத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். மூன்று மணி நேரத்துக்கென்று இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்த சிலிண்டர். முழுதாகத் திறந்தார். இரண்டு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு லீமா ஒருக்களித்து வாந்தி எடுத்தாள். கண் திறந்தது.

"எஞ்சின் நின்னுட்டா?" என்றாள்.

"நான்தான் நிறுத்தினேன்."

அவர் தலையைச் சுவரில் சாய்த்தார். காற்று ஒரு கணம் தணிந்தது. அந்த இடைவெளியில் அடுத்த தெருவிலிருந்து சத்தம் வந்தது. ஜெனித்தின் ஜெனரேட்டர். கடையில் அவரே முதுகைக் காட்டி நின்று கேட்டு, கொள்ளாம் என்று சொல்லி எடுத்தது. ஏறியது, தாழ்ந்தது, மறுபடி ஏறியது.

ஜெனித் கரையில் இருக்கிறான். வீட்டில் அவன் மனைவி சபிதாவும் பிள்ளையும்.

"போங்க" என்றாள் லீமா. அவர் முகத்தில் எதைப் பார்த்தாளோ, காரணம் கேட்கவில்லை.

ஓட வந்தது, ஆனால் நேராக ஓட வரவில்லை. இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். தெரு முனை திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. வாசல் உள்ளே தாழிட்டிருந்தது. கதவில் காதை வைத்தார். பிள்ளை அழுதது, பலமில்லாத அழுகை. "சபிதா" என்று கூப்பிட்டார். யாரும் பிள்ளையைச் சமாதானப்படுத்தவில்லை.

வாசலில் கிடந்த நங்கூரத்தால் ஜன்னலை உடைத்தார். உள்ளிருந்து வந்த சூட்டை அவருக்கு இப்போது தெரியும். கையை விட்டுத் தாழை நீக்கினார். முதலில் பிள்ளை. பிறகு, தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்த சபிதா. கண்ணாடி உடைந்த சத்தத்துக்கு எதிர்வீட்டு மரியதாஸ் ஓடிவந்து அவளுடைய காலைப் பிடித்தார். மழையில் போட்டபோது அவளுடைய விரல் ஒன்று அசைந்தது. மூச்சு இருந்தது.

"வண்டிய எடுத்துட்டு வா. லீமா வராந்தாவுல கிடக்குகா, அவளையும் ஏத்து. நெய்யூருக்கு" என்றார் மரியஜான். "பெறகு மத்த மூணு வீட்டுலயும் ஆளு போணும். எஞ்சின நிறுத்திட்டு எல்லாரும் வெளிய வரணும். நான் சொன்னேன்னு சொல்லு."

மரியதாஸ் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"நீங்க சொன்னதாலதான மாமா எல்லாரும் உள்ள வச்சிருக்கானுவ?"

மரியஜான் கையை உயர்த்தி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். தெற்கே இரண்டு வீடு, சிலுவை நிற்கும் குருசடிக்குப் பின்னால் ஒன்று. மூன்றும் அவர் காது அறிந்த எஞ்சின்கள். எந்த இரைச்சலிலும் பிரித்துச் சொல்லிவிடுவார். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று கேட்டார். தணிந்திருந்த காற்று மறுபடி ஏறிவிட்டது. கடல் கேட்டது, ஓட்டுக் கூரைகள் கேட்டன, எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொள்வது கேட்டது.

எஞ்சின் ஒன்றுகூடக் கேட்கவில்லை. காற்றால் கேட்கவில்லையா, நின்றுபோனதால் கேட்கவில்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. நங்கூரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கி ஓடினார்.