வாதியின் வேட்டி, பிரதிவாதியின் துண்டு

என் பீரோவில் ஒரு கழகத்தின் கரை போட்ட வேட்டியும், அதன் எதிர்க் கழகத்தின் கரை போட்ட துண்டும் ஒரே தட்டில் கிடக்கின்றன. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரு தென்னைமரத்தால் வந்தவை.

சீர்காழிப் பக்கம் நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிது. எல்லைத் தகராறு ஒன்றை நேரில் பார்த்து அறிக்கை தர முன்சீப் கோர்ட் என்னைக் கமிஷனராக நியமித்தது. வீட்டில் எல்லோரும் பெருமைப்பட்டார்கள். நான் இரவெல்லாம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். இரு தரப்பு வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சீனியர் சொல்லி அனுப்பியிருந்தார். சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டுக்குள் வெந்தபடி போய் நின்றேன்.

பிரதிவாதி ஓர் அக்கா. கணவர் போனபின் குறுவை, தாளடி என்று இரண்டு போக நெல் சாகுபடியையும் தனியாகப் பார்ப்பவர். அவர் கொல்லைத் தென்னை பக்கத்து வீட்டு மாமாவின் ஓட்டுக்கூரை பக்கம் சாய்ந்திருந்தது. மரத்தின் தூர் தன் மனையில் நிற்பதாகச் சொல்லி, அதை வெட்டக் கேட்டு மாமா வழக்குப் போட்டிருந்தார். அளவு அவர் பக்கம் விழுந்தால் மரம் போய்விடும். கல்யாணமாகி வந்த வருஷம் அக்கா தன் கையால் வைத்த கன்று அது. என்னோடு அளக்க வந்த சர்வேயர் சங்கிலியை இழுத்தபோது மரத்தின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவேயில்லை.

நான் மரத்தடியில் கம்பீரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"வக்கீல் தம்பி, தள்ளி நில்லுங்க. முத்தின காய் விழும்" என்றார் அக்கா.

அப்போதே மேலே சரசரவென்று ஒரு சத்தம். ஓடினேன். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஓடியதில் எருக்குழிக்குள் இடுப்பளவு இறங்கினேன். மேலே இருந்தது ஓர் அணில்.

வலக்கையை வாதி பிடித்து இழுத்தார், இடக்கையைப் பிரதிவாதி. "ஒரே பக்கமா இழுங்க, நான் ஒண்ணும் சொத்து இல்ல" என்று கத்தினேன். முகம் பார்த்துப் பேசாத இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அக்கா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். மாமா வேட்டி தந்தார், அக்கா துண்டு தந்தார். தமிழ்நாடு அதுவரை கண்டிராத கூட்டணியாக நான் கிணற்றடியில் நின்றேன்.

மாமாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "அணிலுக்கே இப்படின்னா, நெஜமா காய் விழுந்தா? என் பேரன் அங்கதான் சார் வெளையாடுறான்."

"அத இத்தன நாளு சொல்லலியே அண்ணே" என்றார் அக்கா. "பறிக்க ஆள் விட்டா, என் எல்லையில கால் வைக்காதேன்னு வெரட்டுறீங்க. பறிக்கவும் கூடாது, விழவும் கூடாதுன்னா, காய மேலயே கட்டிப் போடவா?"

மாமா மேலே இருந்த குலைகளை எண்ணினார். "மாசா மாசம் பறிச்சிடுவியா?"

"ஏறுறவன உள்ள விடுவீங்களா?"

"விடுறேன். எனக்கும் நாலு எளநி போடச் சொல்லு."

யாரும் சொல்லாமலே சர்வேயர் சங்கிலியைச் சுருட்டினார். கோர்ட்டில் சமரசம் எழுதி முடித்த பிறகு இரண்டு வீட்டு மோரையும் குடித்தேன். தூர் யார் மனையில் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் எத்தனையோ எல்லை வழக்குகள் நடத்திவிட்டேன். எதிலும் நான் குழியில் விழவில்லை. எதுவும் அவ்வளவு சீக்கிரம் முடியவுமில்லை.

போன தையில் அந்தப் பேரனுக்குக் கல்யாணம். அதே வேட்டி, அதே துண்டோடு போனேன். இரண்டு கொல்லைக்கும் சேர்த்து ஒரே பந்தல். நடுவில் பந்தலைத் துளைத்துக்கொண்டு தென்னை. நாற்காலியில் உட்காரும் முன் அண்ணாந்து பார்த்தேன்.

தலை நரைத்த அக்கா இலை போட்டபடியே சொன்னார்: "நேத்தே பறிச்சாச்சு தம்பி, உக்காருங்க. அணிலத்தான் ஒண்ணும் பண்ண முடியல."